பாரிஸ் பள்ளியும் ஆறு புள்ளிகளும்

உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்து, பாரிஸ் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உருவானது. உருவாக்கியவன் அங்கே விடுதியில் தங்கிப் படித்த பதினைந்து வயது மாணவன். அது 1824. பிரான்ஸ் அரசு அந்த எழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பள்ளி நிர்வாகம் தன் மாணவன் செய்ததைச் சில காலம் ஆதரித்தது, சில காலம் கண்டும் காணாமல் இருந்தது, ஒரு கட்டத்தில் தடையே போட்டது. பார்வையற்ற பிள்ளைகளுக்கென உலகில் முதலில் தொடங்கிய பள்ளி இதுதான் என்பதால் இந்த இழுபறி முக்கியமாகிறது. பின்னால் வந்த பள்ளிகள் எல்லாம் அதன் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே வாங்கிக்கொண்டன.

இந்த வரலாற்றை வழக்கமாக இரண்டு மகான்களின் கதையாகச் சொல்வார்கள். இரக்கமுள்ள வலந்தேன் ஹவுயி பள்ளியைத் தொடங்கினார். மேதையான லூயி பிரெயில் எழுத்தைத் தந்தார். பார்வையற்றோர் வாழ்வில் ஒளி பிறந்தது. பாடநூல்களுக்கு இது போதும். ஆனால் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் சண்டை ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது: பார்வையற்றவர் எதைப் படிக்கவேண்டும், எப்படிப் படிக்கவேண்டும் என்று முடிவு செய்வது யார்? பார்வையுள்ள நிர்வாகியின் கண்ணா, படிக்கிற பிள்ளையின் விரலா?

பள்ளிக்கு முந்தைய நிலைமையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பாரிஸில் பார்வையற்றவர்களுக்கென்று ஒரு நிறுவனம் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. ஒன்பதாம் லூயி மன்னர் சுமார் 1260இல் முந்நூறு பேருக்காகக் கட்டிய விடுதி அது. பதினைந்து இருபதுகள் என்ற கணக்கில் அதற்குக் கேன்ஸ்-வேன் என்று பெயர். சோறும் கூரையும் கிடைத்தன. கூடவே பிச்சை எடுக்க அரச அனுமதியும் கிடைத்தது. அரசச் சின்னமான லில்லிப்பூவை உடையில் தைத்துக்கொண்டு தெருவில் கையேந்தலாம். ஐந்நூறு ஆண்டுகளாகப் பார்வையற்றவருக்குச் சமூகம் கொடுத்த மிகப் பெரிய மரியாதை, பிச்சை எடுக்க உரிமச் சின்னம்.

இந்த நினைப்பை அசைத்தவர்களில் ஒருவர் தத்துவவாதி தெனி திதரோ. 1749இல் பார்வையற்றோர் பற்றி அவர் எழுதிய நீண்ட கடிதம் நூலாக வந்தது. கண் இல்லாதவரின் அறிவு எப்படி வேலை செய்கிறது என்று ஊசி நூல் கோக்கும் ஒரு பார்வையற்றவரையும், கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராக இருந்த நிக்கலஸ் சாண்டர்சனையும் வைத்து அவர் யோசித்தார். யோசனை கடவுள் நம்பிக்கையைத் தொட்டுவிட்டதால் வென்சென் கோட்டைச் சிறைக்கும் போனார். ஆனால் தத்துவத்தில் வந்த பார்வையற்றவர் தெருவுக்கு வர இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

வலந்தேன் ஹவுயி 1745இல் பிக்கார்டிப் பகுதியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். படிகவியலின் தந்தை என்று அறிவியல் வரலாறு சொல்லும் ரெனே ழுஸ்த் ஹவுயி இவருடைய அண்ணன். தம்பிக்கு மொழிகள்தான் தொழில். மொழிபெயர்ப்பதும், பழைய கையெழுத்துகளைப் பிரித்துப் படிப்பதும். 1771இல் பாரிஸின் புனித ஓவிட் சந்தையில் அவர் ஒரு காட்சியைப் பார்த்தார். கேன்ஸ்-வேன் விடுதியைச் சேர்ந்த பார்வையற்ற சிலரை ஒரு காப்பிக்கடைக்காரர் மேடையேற்றி வைத்திருந்தார். தலையில் கோமாளித் தொப்பி, முகத்தில் அட்டையில் செய்த பெரிய மூக்குக்கண்ணாடி, எதிரே இசைக்குறிப்புத் தாள். அபசுரமாக ஏதோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. அந்தப் பொய்த்தாளை உண்மையான தாளாக்குவேன், அவர்களையே படிக்கவைப்பேன் என்று அன்று உறுதி எடுத்ததாக ஹவுயி பிற்பாடு எழுதினார். உறுதி எடுத்த பிறகு பதின்மூன்று ஆண்டுகள் சும்மா இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அவரைக் கிளப்பிவிட்டது 1784இல் பாரிஸுக்கு வந்த மரியா தெரேசியா ஃபொன் பாரடிஸ் என்ற வியன்னாப் பியானோக் கலைஞர். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். தலையணையில் குண்டூசிகளைக் குத்தி எழுத்துகளைக் கற்றவர், சிறிய அச்சுக் கருவியால் தானே கடிதம் எழுதியவர். ஹவுயி அவரிடம் பேசிக் கேட்டு விவரங்களைத் தெரிந்துகொண்டார். ஆக, உலகின் முதல் பார்வையற்றோர் பள்ளியின் பாடமுறைக்கு ஆரம்பப் பாடம் சொன்னவரே ஒரு பார்வையற்ற பெண்தான். மகான்களின் கதையில் இவருக்கு அரை வரிதான் கிடைக்கும்.

முதல் மாணவன் பிரான்சுவா லெசுவர். பதினேழு வயது, தேவாலய வாசலில் பிச்சை எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பையன். படிக்க உட்கார்ந்தால் அன்றைய வரும்படி போய்விடும். அதனால் பிச்சையில் கிடைப்பதை நானே தருகிறேன் என்று ஹவுயி பேரம் பேசி அழைத்துவந்தார். கல்வி உதவித்தொகை என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது. மேசையில் கிடந்த அச்சிட்ட அட்டையின் பின்பக்கத்தை லெசுவர் தடவியபோது ஒரு எழுத்து புடைத்திருப்பதை உணர்ந்தான், அதிலிருந்து புடைப்பு அச்சு பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, பையன் சில மாதங்களில் படிக்கத் தேறினான் என்பது மெய். அறிஞர் சபைகளின் முன் படித்துக் காட்டினான். பாரிஸ் தர்ம சங்கம் ஒன்று பணம் தர, 1785இல் பள்ளி முறையாகத் தொடங்கியது. லெசுவர் அடுத்து வந்தவர்களுக்குக் கற்பிக்க ஆரம்பித்தான்.

ஹவுயியின் அச்சு எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் பிற்காலச் சண்டை புரியும். சாதாரண ரோமன் எழுத்துகளைப் பெரிய அளவில் ஈய அச்சாக வார்ப்பார்கள். தடித்த தாளை நனைத்து அதன்மேல் அழுத்துவார்கள். காய்ந்ததும் தாளின் மறுபக்கத்தில் எழுத்து புடைத்து நிற்கும். ஒரு பக்கம்தான் பயன்படும் என்பதால் இரண்டு தாள்களை முதுகோடு முதுகு ஒட்டித் தைப்பார்கள். ஒரு சின்ன நூலே பல கிலோ எடையுள்ள பல பாகங்களாகிவிடும். படிக்கிற பிள்ளை ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் விரலால் சுற்றிவந்து இது 'ஓ'வா, 'சி'யா, 'கியூ'வா என்று தீர்மானிக்கவேண்டும். வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்திருக்கும். இதைவிடப் பெரிய குறை, எழுத முடியாது. மாணவன் படிக்கலாம், பதில் சொல்ல, கடிதம் போட, பாடத்தைக் குறித்துக்கொள்ள அவனுக்கு வழியில்லை. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தால்தான் உண்டு.

ஏன் இந்த வடிவம்? ஹவுயிக்கு ஒரு நியாயம் இருந்தது, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பார்வையற்றவர்களும் மற்றவர்களும் ஒரே எழுத்தைப் படித்தால்தான் இருவருக்கும் இடையே சுவர் எழும்பாது என்று அவர் நம்பினார். தனி எழுத்து தனிமையில் தள்ளும் என்பது அவர் பயம். இன்றைக்கும் ஒருங்கிணைந்த கல்வி பற்றிய விவாதத்தில் இதே வாதம் வேறு சொற்களில் வருகிறது. ஆனால் அந்த அச்சுக்கு இன்னொரு பயனும் இருந்தது: கொடையாளருக்கு அது அழகாகத் தெரியும். 1786 டிசம்பரில் ஹவுயி மாணவர்களை வெர்சாய் அரண்மனைக்கு அழைத்துப்போய் பதினாறாம் லூயியின் முன் படிக்கவும், கணக்குப் போடவும், இசைக்கவும் வைத்தார். பார்வையற்றோர் கல்வி பற்றி அவர் எழுதி, அந்த மாணவர்களே அச்சிட்ட நூல் அதே ஆண்டு மன்னருக்குக் காணிக்கையாக வந்தது. மன்னருக்குப் புரியும் எழுத்தை ஒரு பையன் விரலால் படிக்கிறான் என்றால் சபை அசந்துபோகும். புள்ளிகளைப் படித்துக் காட்டினால் அவன் நிஜமாகப் படிக்கிறானா என்றே சபைக்குத் தெரியாது. காட்சிக்குப் பணம் வந்தது. பணத்தால் பள்ளி நடந்தது.

பிறகு புரட்சி. 1791இல் தேசிய சபை பள்ளியைப் பொறுப்பேற்றது. பார்வையற்றோர் கல்வி கொடையாளரின் தயவு அல்ல, அரசின் கடமை என்று ஒரு நாடு சட்டப்படி ஏற்றது இங்கேதான். ஆனால் கடமையை ஏற்ற கஜானாவில் காசு இல்லை. காது கேளாதோர் பள்ளியோடு ஒரே கட்டடத்தில் அடைத்தார்கள். இரு பக்கமும் ஒத்துப்போகாமல் பிரித்தார்கள். நெப்போலியன் ஆட்சிக்கு வந்ததும் இன்னும் மோசம். 1801 வாக்கில் மாணவர்களைக் கேன்ஸ்-வேன் முதியவர்களோடு சேர்த்து நூற்பு வேலைக்கு அனுப்பினார்கள். பிச்சைக்காரர் விடுதியிலிருந்து ஹவுயி வெளியே இழுத்ததை அரசு திரும்ப உள்ளே தள்ளியது. 1802இல் ஹவுயிக்கும் வேலை போயிற்று. அவர் தனியாக ஒரு பள்ளி நடத்திப் பார்த்தார். அங்கே படித்த அலெக்சாந்தர் ரோடன்பாக் பிற்காலத்தில் பெல்ஜியத்தின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1806இல் ரஷ்யச் சக்கரவர்த்தி அழைக்க, ஹவுயி பீட்டர்ஸ்பர்க் போனார். அவர் போன வழியில் பெர்லினிலும் ஒரு பள்ளி முளைத்தது. லிவர்பூல், எடின்பரோ, வியன்னா ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தன. தாய்ப்பள்ளி சிதைந்துகிடந்த காலத்தில்தான் கிளைகள் பரவின.

1816 வாக்கில் பள்ளி மறுபடி தனியானது. புதிய இயக்குநர் செபாஸ்தியன் கிய்யே என்ற மருத்துவர். கட்டடம் புனித விக்டர் தெருவில் பழைய குருமடம் ஒன்று. புரட்சியின்போது சிறையாக்கப்பட்டு, 1792 செப்டம்பரில் பாதிரியார்கள் வெட்டிக் கொல்லப்பட்ட இடம். ஈரம் ஊறிய சுவர், குறுகிய படிக்கட்டு, வெளிச்சமோ காற்றோ வராத அறைகள். கண் தெரியாத பிள்ளைகளுக்கு வெளிச்சம் எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொல்லாமலே சொல்லிவிட்டார்கள். 1817இல் பாரிஸ் திரும்பிய ஹவுயியைக் கிய்யே பள்ளிக்குள் விடவில்லை. 1821இல் கிய்யே அவப்பெயரோடு வெளியேற, அடுத்து வந்த இயக்குநர் பின்யேதான் முதியவரை அழைத்து விழா எடுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஹவுயி இறந்தார்.

அந்த விழாவில் இருந்த மாணவர் கூட்டத்தில் பன்னிரண்டு வயது லூயி பிரெயிலும் இருந்தான். 1809இல் பாரிஸுக்குக் கிழக்கே கூவ்ரே என்ற சிற்றூரில் பிறந்தவன். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் பட்டறையில் விளையாடும்போது தோல் துளைக்கும் கருவி கண்ணில் குத்தியது. புண் மறு கண்ணுக்கும் பரவி ஐந்து வயதுக்குள் முழுப் பார்வையும் போனது. ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு காதால் கேட்டுப் படித்தவனை 1819 பிப்ரவரியில் பாரிஸ் பள்ளியில் சேர்த்தார்கள்.

1821இல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரியின் புள்ளி எழுத்து பள்ளிக்கு வந்தது. போர்க்களத்தில் விளக்கில்லாமல் இரவில் படிக்க நெப்போலியன் படைக்காக அவர் உருவாக்கியது என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. இக்கால ஆய்வாளர்கள் இதற்கு ஆதாரம் காணவில்லை. பள்ளிப் படிப்பு வாய்க்காத எளியவர்களும் விரைவில் எழுதக் கற்கவேண்டும் என்பதுதான் பார்பியேயின் அக்கறை. பார்வையற்றவர்கள் அதில் ஒரு பகுதி. என்னைக் கேட்டால் படைக் கதையைவிட இந்த உண்மை சுவையானது. ஆனாலும் பீரங்கி சேர்ந்தால்தானே கதை ஓடும்.

பார்பியேயின் முறையில் பிரெஞ்சு மொழியின் ஒலிகளை ஆறுக்கு ஆறு கட்டத்தில் அடுக்கியிருந்தார். நான்காம் வரிசை, மூன்றாம் கட்டத்து ஒலி என்றால் இடப்பக்கம் நான்கு புள்ளி, வலப்பக்கம் மூன்று புள்ளி. ஒரே ஒலிக்கு ஏழு புள்ளிகள். அதிகபட்சம் பன்னிரண்டு. விரல் நுனிக்குள் அது அடங்காது. மேலும் கீழும் தடவி எண்ணவேண்டும். ஒலியை எழுதுவதால் எழுத்துக்கூட்டல் இல்லை. நிறுத்தக்குறி இல்லை, எண் இல்லை, இசைக்குறிப்பு இல்லை. ஆனால் இரண்டு பெரிய விஷயங்கள் அதில் இருந்தன. கோட்டைவிடப் புள்ளி விரலுக்கு எளிது என்ற கண்டுபிடிப்பு ஒன்று. துளைச் சட்டமும் எழுத்தாணியும் வைத்துத் தானே எழுதலாம் என்பது மற்றொன்று. வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போய், தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். நம்மூர்ப் பார்வையற்றோர் பள்ளிகளில் இன்றும் பிள்ளைகள் இப்படித்தான் டொக் டொக்கென்று எழுதுகிறார்கள்.

பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரெயில் அதைப் பிரித்துப்போட்டான். மூன்று ஆண்டுகள், இரவுகளிலும் விடுமுறையில் ஊரிலும். அவன் எடுத்த முடிவுகள் இரண்டு. ஒன்று, உயரத்தைப் பாதியாக்கினான்: இரண்டு நிரல், மூன்று வரிசை, ஆறு புள்ளி. விரல் நுனி அசையாமலே மொத்த வடிவமும் ஒரே தொடுதலில் தெரியும். மற்றது, ஒலியை விட்டு எழுத்தைப் பிடித்தான். முதல் பத்து எழுத்துகள் மேலுள்ள நான்கு புள்ளிகளுக்குள் அடங்கும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு கீழ் இடப்புள்ளி சேரும். அதற்கடுத்த வரிசைக்குக் கீழே இரண்டும் சேரும். பத்தை நினைவில் வைத்தால் மிச்சம் தானாக வரும். இசைக்கும் இதே அறைதான். மேல் நான்கு புள்ளிகள் சுரத்தைச் சொல்லும், கீழ் இரண்டும் அது நீடிக்கும் காலத்தைச் சொல்லும். புள்ளிகளைச் சேர்த்தும் விட்டும் கிடைக்கும் வடிவங்கள் 63. அதற்குள் மொழி, கணக்கு, இசை மூன்றும் அடங்கின.

1829இல் பள்ளியே இதை நூலாக அச்சிட்டது. முதல் யோசனை பார்பியேயுடையது என்று இருபது வயது பிரெயில் அதில் தெளிவாக எழுதினார். ஆனால் அந்த நூலை அச்சிட்டது ஹவுயி பாணிப் புடைப்பு எழுத்தில். பின்யே புதிய எழுத்துக்கு அனுதாபி. மாணவர்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள விட்டார். வகுப்பறைப் பாடநூலாக்க அரசு அனுமதி கேட்டால் கிடைக்கவில்லை. 1833இல் பிரெயில் முழு ஆசிரியரானார். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள், கடிதம் எழுதினார்கள், இசைத்தாள்களைப் படியெடுத்தார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு முழு எழுத்துலகம் ஓடிக்கொண்டிருந்தது.

1840இல் பின்யேயை நீக்கிவிட்டு அவருக்குக் கீழே இருந்த துஃபோ இயக்குநரானார். துஃபோ கெட்டவர் அல்ல, நவீனமானவர். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் பயன்பட்ட புதிய புடைப்பு எழுத்து ஹவுயியுடையதைவிடச் சிறியது, சிக்கனமானது என்று அதைக் கொண்டுவந்தார். பழைய நூல்களைக் கொளுத்தினார், எழுத்தாணிகளையும் சட்டங்களையும் பறிமுதல் செய்தார், புள்ளியில் எழுதிய பிள்ளைகளைத் தண்டித்தார் என்று பிரெயிலின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தீ வைத்த காட்சியில் கொஞ்சம் நாடகம் சேர்ந்திருக்கலாம். புள்ளி எழுத்து பள்ளியில் தடையானதில் மாற்றம் இல்லை. ஆசிரியருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் மாணவர்கள் எழுதிக்கொள்வது நிர்வாகத்துக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசித்தால் தடையின் காரணம் விளங்கும். புள்ளி எழுத்து பரவினால் பார்வையுள்ள ஆசிரியரைவிடப் பார்வையற்ற ஆசிரியருக்கு மதிப்புக் கூடும்.

பிள்ளைகள் விடவில்லை. கையில் கிடைத்த கூரான எதையும் வைத்துக் குத்தி எழுதினார்கள், பெரியவர்கள் சிறியவர்களுக்கு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். துணை இயக்குநர் ழோசப் குவாதே இதைக் கவனித்தார். தடை தோற்கிறது, தோற்கிற தடை இயக்குநரின் பெயரைத்தான் கெடுக்கும் என்று துஃபோவுக்குப் புரியவைத்தவர் அவர்தான்.

இதற்கிடையே கட்டடப் பிரச்சினை தீர்ந்தது. 1838இல் கவிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான லாமார்த்தின் சபையில் எழுந்து புனித விக்டர் தெருக் கட்டடத்தின் அவலத்தைப் பேசினார், பணம் ஒதுக்கினார்கள். 1843இல் பள்ளி இன்வலிட் பெருவீதியின் புதிய கட்டடத்துக்கு மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பிரெயிலுக்குக் காசநோய் அதற்கு முன்பே பிடித்துவிட்டது. ஈரக் கட்டடத்தில் கழிந்த இருபத்துநான்கு ஆண்டுகளின் பங்கு அதில் இருக்கும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

1844 பிப்ரவரி 22, புதிய கட்டடத் திறப்பு விழா. குவாதே எழுந்து புள்ளி எழுத்தின் வரலாற்றை, கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்லி, விளக்கினார். பிறகு செய்முறை. ஒரு மாணவர் சொல்லச்சொல்லப் புள்ளியில் எழுத, அது காதில் விழாத இடத்திலிருந்த இன்னொரு பிள்ளையை அழைத்துவந்து படிக்கச் சொன்னார்கள். தங்குதடையின்றிப் படித்தது. வெர்சாயில் ஹவுயி நடத்திய அதே வகைக் காட்சிதான், ஆனால் இம்முறை சபையோருக்கு எழுத்து தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. துஃபோவும் ஏற்றுக்கொண்டார். பிரெயில் 1852 ஜனவரி 6 அன்று இறந்தார், வயது 43. அரசு ஏற்பு அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. 1952இல் அவர் உடலைத் தோண்டி எடுத்துப் பாரிஸின் பந்தியோன் மண்டபத்தில் வைத்தார்கள். கைகளை மட்டும் கூவ்ரே ஊர்க்காரர்கள் வைத்துக்கொண்டார்கள்.

பள்ளியின் இன்னொரு சாதனை இசை. பிரெயிலே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். குளோத் மொன்தால் என்ற மாணவர் பள்ளியின் பியானோவைப் பிரித்து, சுருதி சேர்க்கத் தானே கற்றார். சம்பளத்துக்கு வந்த பார்வையுள்ள சுருதிக்காரர் புகார் செய்ய, பையனைப் பியானோ பக்கம் போகாதே என்றார்கள். அவர் ஒரு பழைய பியானோவை வாங்கி அதில் பழகித் தேறிக் காட்டியதும் பள்ளிப் பியானோக்களை எல்லாம் அவரிடமே ஒப்படைத்தார்கள். 1836இல் சுருதி சேர்ப்பது பற்றி நூல் எழுதி, பின்னாளில் பெயர்பெற்ற பியானோ தயாரிப்பாளரானார். ஐரோப்பா, அமெரிக்கா முழுக்கப் பார்வையற்றவர்களுக்குச் சுருதி சேர்ப்பது ஒரு நிலையான தொழிலானது இவரால்தான். பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்தில் 1900 முதல் 1937இல் வாசித்துக்கொண்டே உயிர்விட்டது வரை ஆர்கன் கலைஞராக இருந்த லூயி வியேர்ன் இந்தப் பள்ளி மாணவர். ஆந்திரே மர்ஷால், ழான் லாங்லே, கஸ்தோன் லித்தேஸ் என்ற ஆர்கன் கலைஞர்களும் இங்கிருந்து வந்தவர்களே. பெருமைதான். ஆனால் பார்வையற்றவர் என்றால் இசைதான் என்ற முத்திரையும் இதனால் அழுத்தமாக விழுந்தது. அறிவியலுக்கோ சட்டத்துக்கோ போக விரும்பிய பிள்ளைக்கு அந்த முத்திரை எப்படிப்பட்ட சுவராக இருந்தது என்பதைப் புகழுரைகள் சொல்வதில்லை.

புள்ளி எழுத்து வெளிநாடு போனபோது அதே சண்டை அங்கேயும் நடந்தது. பாஸ்டனில் பெர்கின்ஸ் பள்ளியைக் கட்டிய சாமுவேல் கிரிட்லி ஹோவ் பாரிஸ் பள்ளியை நேரில் பார்த்தவர். ஊர் திரும்பி 1835 வாக்கில் தானே ஒரு கோண ரோமன் எழுத்தை உருவாக்கினார். பார்வையுள்ளவரும் படிக்கத்தக்க எழுத்தே வேண்டும் என்ற ஹவுயியின் வாதம் அவருக்கும் வேதவாக்கு. அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத புள்ளி முறைகள் பல புழங்கின; ஆங்கிலம் படிக்கும் நாடுகள் ஒரே பிரெயிலுக்கு உடன்பட்டது 1932இல்தான். இங்கிலாந்தில் வழி வேறு. பார்வை மங்கிய மருத்துவரான தாமஸ் ரோட்ஸ் ஆர்மிடேஜ் 1868இல் ஒரு சங்கம் அமைத்தார். எந்த எழுத்து நல்லது என்று தீர்மானிக்கும் குழுவில் விரலால் படிப்பவர்கள் மட்டுமே இருக்கலாம் என்று விதி வைத்தார். பல முறைகளை அவர்கள் படித்து, எழுதிச் சோதித்தார்கள். சில ஆண்டுகளில் தீர்ப்பு பிரெயில் பக்கம் வந்தது. பாரிஸில் முப்பது ஆண்டு எடுத்த விஷயம், கேட்கவேண்டியவரைக் கேட்டதால் லண்டனில் சீக்கிரமே முடிந்தது. 1878இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடும் பிரெயிலை ஏற்றது.

இந்தியாவுக்குப் பள்ளிகள் மிஷனரிகள் வழி வந்தன. அமிர்தசரஸில் 1887இல் ஆனி ஷார்ப், பாளையங்கோட்டையில் 1890இல் ஆனி ஆஸ்க்வித். இங்கேயும் மொழிக்கொரு முறை, பள்ளிக்கொரு முறை என்று குழப்பம் நீடித்து, 1951இல் பாரதி பிரெயில் என்ற பொது அமைப்பு உருவானது. தமிழின் 'க', 'ம', 'ல' இன்று பிரெயில் வகுத்த 'கே', 'எம்', 'எல்' வடிவங்களே. அச்சுத் தமிழில் கொம்பு முன்னால் வரும் 'கெ', பிரெயிலில் 'க'வுக்குப் பின் 'எ' என்று ஒலிக்கும் வரிசையிலேயே வரும்.

எப்படிப் படிப்பது என்று முடிவு செய்வது யார் என்ற பழைய கேள்வி இப்போது புது உடையில் வந்திருக்கிறது. கைபேசி பேசுகிறது, கணினி படித்துக் காட்டுகிறது. இனிப் பிரெயில் எதற்கு என்று கல்வி அலுவலர்களும் சில பெற்றோரும் கேட்கிறார்கள். ஒலி மென்பொருள் பெரிய வரம், அதில் ஐயமில்லை. ஆனால் காதால் மட்டும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு 'மரம்' என்பதில் எந்த 'ர', 'மறந்தான்' என்பதில் எந்த 'ற' என்று யார் சொல்வது? பேச்சில் 'ந'வும் 'ன'வும் ஒன்றாகிவிட்டன; 'ழ'வும் 'ள'வும் பல வாய்களில் ஒன்றாகிவிட்டன. பிரெயிலில் ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி வடிவம் உண்டு. ஒலியை மட்டும் எழுதிய பார்பியேயின் முறையில் பதினைந்து வயதுப் பையன் கண்ட குறை இதேதான். பிரெயில் அறியாத பிள்ளை கேட்பவராக இருக்கலாம், எழுத்தறிந்தவர் ஆவது கடினம். வேண்டாம் என்று சொல்பவர்கள் அநேகமாகப் பிரெயில் படிக்காதவர்கள் என்பதையும் கவனிக்கலாம்.

பாரிஸ் பள்ளி பிழைத்ததற்கு ஒரு காரணத்தை மட்டும் சொல்லச் சொன்னால், தொடக்கம் முதல் மாணவர்களையே ஆசிரியர்களாக்கிய வழக்கத்தைச் சொல்வேன். லெசுவர், பிரெயில், லாங்லே எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள். இயக்குநர்கள் எழுத்துக்குத் தடை போட்டபோதும் வகுப்பில் நின்றவர்களின் விரல்களில் அது உயிரோடிருந்தது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதன் 17ஆம் பிரிவில், பிரெயிலும் சைகை மொழியும் தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்துப் பணியமர்த்தவேண்டும் என்கிறது. உங்கள் மாவட்டத்தில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி எதுவாக இருந்தாலும், அங்கே பிரெயிலை விரலால் படிக்கும் ஆசிரியர் எத்தனை பேர் என்று ஒரு மனுப் போட்டுக் கேளுங்கள்.